நான்காம் பங்கு

எழுபத்தோராவது வயதில் உலகம்மாள் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி, அவள் இனிமேல் பிள்ளை பெறமாட்டாள் என்று சான்று வாங்குவதற்காக அவளுடைய மக்கள் மூவரும் அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற அன்றுதான் சிப்பிக்கரைக்குத் தெரிய வந்தது.

அப்படியொரு சான்று தேவைப்பட்டதற்குக் காரணம் அவளுடைய தகப்பனார் ஆறுமுகப் பெருமாளின் நல்ல மனம். மகளுக்குப் பதினெட்டு வயதாகி, மணமாகி மூன்று மாதமே ஆகியிருந்தபோது, தம்முடைய பதினேழு ஏக்கர் உப்பளத்துக்கும் அதன் கரையிலிருந்த ஓட்டு வீட்டுக்கும் அவர் ஓர் உயில் எழுதினார். பேரப்பிள்ளைகளின் பெயர்களைக் குறிப்பிடலாம் என்றால் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. பிறந்த பிறகு எழுதலாம் என்றால், பின்னால் பிறக்கும் பிள்ளை விடுபட்டுப் போகுமே என்று அவர் அஞ்சினார். ஆகவே, மகள் ஆயுள் உள்ளவரை அளத்தையும் வீட்டையும் அனுபவிக்க வேண்டியது என்றும், அவள் காலத்துக்குப் பின்னரோ அவளாக மனமுவந்து விட்டுக்கொடுக்கும் நாளிலோ அவள் வயிற்றில் பிறந்து உயிரோடிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை பேரும் சமமாக அடைய வேண்டியது என்றும் எழுதி, ஒரு பிள்ளையும் விட்டுப்போகவில்லை என்ற திருப்தியோடு கையெழுத்திட்டு, அடுத்த ஆண்டே காலமானார்.

உலகம்மாள் மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். மூத்தவன் சொர்ணலிங்கம் அளத்தை நடத்தினான். அடுத்தவள் தெய்வானையை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். இளையவன் குருசாமி ரேஷன் கடையில் எடை போட்டான். உலகம்மாளின் கணவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் அளத்துக் கரை வீட்டில் தனியாக இருந்தாள். அங்கேயே சாகவேண்டும் என்பதைத் தவிர யாரிடமும் அவள் எதுவும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு மாசி மாதத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்காரர்கள் அளத்தை விலைக்குக் கேட்டு வந்தார்கள். வேறு இடம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஆலை வந்தால் சிப்பிக்கரையில் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று கோயில் முற்றத்தில் நின்று சொன்னார்கள், எழுதியும் கொடுத்தார்கள். முழங்கால் வரை உப்பு அரித்த கால்களோடு நின்று அதைக் கேட்டவர்கள் நாங்கள். கேட்ட நாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் அந்த வேலைக்குப் போகப்போகிறவர் யார் என்று முடிவாகி, அவருக்குக் கால்சட்டையும் தைத்தாயிற்று.

மக்கள் மூவரும் தாயை நெருக்கினார்கள். மாதத்துக்கு ஒரு பிள்ளையின் வீடு என்று முறைவைத்து அவள் தங்கலாம் என்றார்கள். உலகம்மாள் உப்புப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாதிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மூவரும் வக்கீல் குற்றாலிங்கத்திடம் போனார்கள்.

வக்கீல் உயிலை இரண்டு முறை படித்தார்.

"பெரியவரு பேரு சொல்லிக் கொடுத்திருந்தா மூணு பேரும் இன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரலாம்வே. அவரு ஒரு கூட்டத்துக்குல்லா கொடுத்திருக்காரு. கூட்டத்துக்குக் கொடுத்தா அந்தக் கூட்டத்தோட கதவு எப்ப அடைபடும்னு பாக்கணும். ஒங்கம்மை உயிரோட இருக்கிற வரைக்கும் கதவு தொறந்துதான் கிடக்கு."

"எங்கம்மைக்கு எழுபத்தோரு வயசாகுதுய்யா" என்றான் சொர்ணலிங்கம்.

"சட்டத்துக்குக் கண்ணு தெரியாது. பொம்பளைன்னா பிள்ளை பெறுவான்னுதான் அதுக்குத் தெரியும். வாங்குதவன் வக்கீலும் அதைத்தான் கேப்பான். ஒரு டாக்டர் சீட்டு வாங்கிட்டு வந்துரும், கதவை அடைச்சிரலாம்."

குருசாமி சிரித்தான். தெய்வானையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தொழிலில் இதைவிட வேடிக்கையான சான்றுகளுக்கு அலைந்தவர்களை அவர் பார்த்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் சான்று எழுதுமுன் சோதிக்க வேண்டும் என்ற விதியை நர்ஸ் ஞானசெல்வம் கடைப்பிடித்தார். அவர் எந்த விதியையும் கடைப்பிடிப்பவர். தடுப்பூசி போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததா என்று மறுநாள் வீடு தேடி வந்து கேட்பவர். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, பதிவேட்டைத் திறந்து, மூன்று மாதம் என்று எழுதினார். வயது என்ற கட்டத்தில் எழுபத்தொன்று என்று எழுதி, கட்டம் போதுமானதாக இருந்ததால், அடுத்த பெயருக்குப் போனார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மகனைப் பார்த்தாள்.

"மூணுன்னு நெனச்சேன். நாலு போலிருக்கு. இதுக்கும் உண்டானதைக் கொடுத்துட்டு நீங்க என்னமும் செஞ்சுக்கிடுங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான். பின்னரும் அதற்குமேல் கேட்கவில்லை.

எங்கள் ஊர் அந்தக் கருவை ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. தகப்பன் யார் என்ற பேச்சு முதல் இரண்டு நாள் இருந்தது. டீக்கடையில் சில பெயர்கள் அடிபட்டன. பெயர் அடிபட்ட கிழவர்கள் அதை மறுப்பதில் காட்டிய சுணக்கத்தைப் பார்த்து அவர்களுடைய மனைவிமார் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கென்று எழுதி வைத்த சொத்து ஐம்பத்துமூன்று ஆண்டுகளாகக் காத்திருந்ததால் ஒரு பிள்ளை வந்து சேர்ந்திருக்கிறது என்று பூசாரி சொல்ல, இது தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்குத் தவளை வருவதைப் போன்ற காரியந்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம்.

அதன் பிறகு முறைப்படி செய்யவேண்டியவை வந்தன. ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்துவதா வேண்டாமா, கைம்பெண்ணின் கைக்குக் கண்ணாடி வளையல் ஏற்றலாமா என்று பெண்கள் மூன்று மாலைகள் விவாதித்தோம். கூடாது என்றவர்களுக்கும் வேண்டும் என்றவர்களுக்கும் நடுவே, வளையல்களை உப்பு வாரும் பலகையின் நீண்ட கைப்பிடியில் ஏற்றி, பலகையை அவள் மடியில் சாய்த்து வைத்தால் இரண்டு பக்கமும் சரியாகும் என்று பூரணம் என்பவள் வழி சொன்னாள். அப்படியே செய்தோம். பச்சையும் சிவப்புமாக நாற்பத்தொரு வளையல் அந்தக் கட்டையில் ஏறின. ஏழு வகைச் சோறு கிளறிக் கொண்டுபோனோம். உலகம்மாள் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி தின்றாள்.

"புளிச்சோறு யாரு கிண்டினது?" என்றாள்.

"நாந்தான் ஆச்சி" என்றாள் பூரணம்.

"உப்புப் பத்தல. அளத்துல வேல பாக்கவளுக்கு உப்புக்கா பஞ்சம்?"

நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கபடம் ஏதும் இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அன்று நாங்கள் அவளுக்கு நல்லதையே விரும்பினோம். கருவில் இருப்பது இன்னொரு பிள்ளை என்பதை மட்டுமே அறிந்திருந்தோம். அந்தப் பிள்ளை ஒரு பங்குதாரர் என்பது எங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

அதை உறைக்க வைத்தது நீதிமன்றம். ஆலைக்காரர்கள் கெடு வைத்ததால் சொர்ணலிங்கம் வழக்குப் போட்டான். நீதிபதி நிதானமானவர். கருவில் இருப்பதற்கும் சட்டத்தில் இடம் உண்டு என்று சொல்லி, அதன் நலனைக் காக்க நர்ஸ் ஞானசெல்வத்தைக் காப்பாளராக நியமித்தார். உலகம்மாள் தன் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாள். பிள்ளை உயிரோடு பிறந்தால் சொத்து நான்கு பங்கு. நான்காவது பங்கு மைனருடையது. அது பதினெட்டு வயது அடையும் வரை அளத்தைப் பிரிக்கவோ விற்கவோ நீதிமன்றம் இடங்கொடாது. உயிரின்றிப் பிறந்தால் மூன்று பங்கு, மறுநாளே விற்றுக்கொள்ளலாம். உயிரோடு பிறந்தது என்பதற்கு எது சாட்சி என்று குற்றாலிங்கம் கேட்டார். முதல் அழுகையைக் கேட்ட அயலார் சாட்சி சொன்னால் போதும் என்றார் நீதிபதி.

தீர்ப்பைக் கேட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். தைத்து வைத்த கால்சட்டைகளைப் பற்றி ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு வந்தோம். பதினெட்டு ஆண்டுகள் என்றால் அவற்றைப் போடவேண்டியவர்களுக்கு தொந்தி விழுந்திருக்கும்.

அதன்பின் யாரும் கூடிப் பேசவில்லை; யாரும் திட்டம் போடவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் ஒருவராவது மறுத்திருப்போம். உலகம்மாளுக்குப் பால் கொண்டுபோனவர்கள் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் நின்றது. எத்தனை மாதம் என்று கேட்டவர்களுக்கு, தெரியாது என்றோம். நர்ஸ் மட்டும் வாரம் இருமுறை சைக்கிளில் அளத்துக் கரைக்கு வந்து, காது வைத்துக் கேட்டு, நெஞ்சு துடிப்பு நன்றாக இருக்கிறது என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போவார். ஏன் உரக்கச் சொல்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. காதில் விழாதவர்கள்போல் உப்பு வாரினோம்.

உலகம்மாளுக்கு வலி கண்டது ஒரு புதன்கிழமை, உச்சி வெயிலில், வேலை முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தபோது. வலி கண்டதுமே சொர்ணலிங்கத்தின் ஆள் ஒருவன் நர்ஸிடம் ஓடிப்போய், தூரத்து அளத்தில் ஒருவனுக்குக் காலில் மண்வெட்டி இறங்கிவிட்டது என்றான். அவர் இரண்டு மைல் சைக்கிள் மிதித்துப் போய், சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தபோது அந்தக் காலில் ஒரு கீறலும் இல்லை.

உள்ளே தாயோடு தெய்வானை இருந்தாள். முற்றத்தில் பெண்கள் நாற்பது பேர் கூடியிருந்தோம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்து முதல் குரல் கொடுத்ததும் பெண்கள் கூடிக் குலவையிட வேண்டும். பூமிக்கு வந்த உயிரை ஊர் ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதற்காகத்தான் போயிருந்தோம். உள்ளே உலகம்மாள் முனகுவது கேட்டது. பிறகு தெய்வானை வாசற்படிக்கு வந்தாள். கைகள் முழங்கை வரை ஈரமாக இருந்தன.

"குலவை போடுங்க" என்றாள்.

"பிறந்துட்டாக்கா?" என்றாள் பூரணம்.

"போடுங்கன்னு சொல்லுதேன்லா."

பூரணம் எங்களைப் பார்த்தாள். நாங்கள் பூரணத்தைப் பார்த்தோம். அவள் மகன் பெயர் ஆலைக்காரர்களின் பட்டியலில் ஏழாவதாக இருந்தது. அவள் நாக்கை மடித்துத் தொடங்கினாள். நாற்பது பேரும் தொடர்ந்தோம். வழக்கமாகக் குலவை மூன்று முறை எழும்பி அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. உப்பு சுமக்கும்போது ஒரு வரிசை இறக்க, ஒரு வரிசை ஏற்ற, கரையில் கூடை நில்லாமல் நகர்வதுபோல, ஒரு பாதி மூச்சு வாங்கும்போது மறு பாதி குரலை ஏந்திக்கொண்டது. யாரும் சொல்லித்தராமலே இரண்டு வரிசையாகப் பிரிந்துவிட்டோம். உதடு காய்ந்தது. சிலர் கண்ணை மூடிக்கொண்டோம். ஓடுகளில் உட்கார்ந்திருந்த காகங்கள் பறந்து போயின. எவ்வளவு நேரம் என்று யாரும் கணக்கிடவில்லை. முற்றத்தில் வேப்பமரத்தின் நிழல் ஒரு முழம் நகர்ந்திருந்தது. தெய்வானை மறுபடியும் வாசற்படிக்கு வந்து, போதும் என்று தலையசைத்தாள். நிறுத்தினோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

புழுதி படிந்த முகத்தோடு நர்ஸ் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உலகம்மாளின் மார்பில் ஒரு பெண்குழந்தை, அழுது ஓய்ந்த களைப்பில், உறங்கிக்கொண்டிருந்தது.

தெய்வானை பேச்சை முன்பே தயாராக வைத்திருந்தாள். "அம்மைக்குப் பிறந்தது நீலம் பாரிச்சு, மூச்சில்லாம வந்துச்சு. தம்பி கொண்டுபோய்ப் புதைச்சுட்டான். இது மூணாவது உப்புக் கொட்டகையில எவளோ போட்டுட்டுப் போன பிள்ளை. பால் கட்டிக்கிட்டா அம்மைக்கு ஆகாதேன்னு நாந்தான் எடுத்து மாருல போட்டேன்."

ஞானசெல்வம் எங்களிடம் திரும்பினார். "நீங்க நாப்பது பேரு இங்கதான நின்னிய? அழுகை கேட்டுதா?"

"குலவை போட்டோம், சிஸ்டர்" என்றாள் பூரணம்.

விசாரணையிலும் அதையே சொன்னோம். நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டில் ஏறினோம். பூரணத்திடம் நீதிபதி சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்.

"குலவை எப்போது போடுவீர்கள், அம்மா?"

"பிள்ளை சத்தங் கொடுத்தா போடுவோம், சாமி."

"அப்படியானால் சத்தம் கொடுத்ததா?"

"அது தெரியல சாமி. உள்ளேயிருந்து போடச் சொன்னாவ. போட்டோம்."

"சத்தம் கேட்காமலே போட்டீர்களா?"

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம், சாமி."

"அதன் பிறகு அழுகை கேட்டதா?"

"குலவைக்குள்ள எப்படி சாமி கேக்கும்?"

இதில் பொய் ஒன்றுமில்லை. நாற்பது பேரில் ஒருவர்கூடப் பொய் சொல்ல நேரவில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்போம்.

நர்ஸ் சளைக்கவில்லை. குருசாமி காட்டிய குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றார். நீதிமன்ற ஆள் முன்னிலையில் தோண்டினார்கள். ஒரு துணி மட்டும் இருந்தது. உடலை உப்பு தின்றுவிட்டது என்றான் குருசாமி. நகரத்திலிருந்து வந்திருந்த அந்த ஆள் அதை அப்படியே எழுதிக்கொண்டார். உப்பு எதையும் தின்னாது, வைத்தது வைத்தபடி காக்கும் என்பது கருவாடு போடும் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுற்றி நின்றவர்கள் இருநூறு பேராவது இருப்போம். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியாக உலகம்மாளைக் கூண்டுக்கு அழைத்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறினாள்.

"இது நான் பெத்தது. அழுதுகிட்டேதான் வந்துச்சு. என் காதுல இன்னும் கேக்குது" என்றாள்.

பெற்றவள் அந்நேரம் மயக்கத்தில் இருந்தாள் என்று குற்றாலிங்கம் எழுந்து சொன்னார்.

"மயக்கமா? மூணு பெத்தப்பவும் நான் மயங்கல. எம் மாருல பால் இருக்கு. வேணும்னா இந்த நர்ஸம்மா பாக்கட்டும்."

நீதிபதி, பால் பிறப்புக்குச் சாட்சி, உயிருக்குச் சாட்சி அல்ல என்று எழுதினார். பங்கு மூன்று என்று தீர்ந்தது. பிறப்புப் பதிவேட்டில் இடம் இல்லாததால் குழந்தைக்குப் பெயர் எழுதப்படவில்லை; உலகம்மாள் அவளை என்ன பெயர் சொல்லி அழைத்தாள் என்பதை நாங்கள் விசாரிக்கவும் இல்லை. ஊரில் அது மூணாம் கொட்டகைப் பிள்ளை.

கூட்டத்தின் கதவு அடைபட்டது. ஆலைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை கிடைத்தது. பூரணத்தின் மகன் மணி அடிக்கும் முன்பே வாயிலில் போய் நின்றான். கால்சட்டைகளில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் பொருத்தமாக இருந்தன.

அளத்துக் கரை வீட்டை இடிக்க ஆள் வந்த அன்று மதியம், மக்கள் மூவரும் தாயை அழைத்துப்போக வந்தார்கள். முதல் மாதம் மூத்தவன் வீடு என்பது முறை.

"வாம்மா, கட்டில் எல்லாம் போட்டாச்சு" என்றான் சொர்ணலிங்கம். "பிள்ளையை மட்டும் விடுதியில சேத்துருவோம். ஊரான் பிள்ளைக்கு எங்க வீட்டுல என்ன இருக்கு?"

"அதான்ல நானும் கேக்கேன்" என்றாள் உலகம்மாள். "என்ன இருக்கு?"

ஒரு துணிப்பையையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஆலையின் முதல் ஷிப்டு முடிந்து நாங்கள் பலரும் அங்கே நின்றிருந்தோம். நாசரேத்தில் நர்ஸின் அக்காள் வீடு இருப்பதாகவும் அங்கேதான் போகிறாள் என்றும் பிறகு தெரிந்துகொண்டோம். குழந்தைக்கு அப்போது பதினோரு மாதம். பசியோ வெயிலோ, வீட்டிலிருந்து நிறுத்தம் வரை வீறிட்டு அழுதுகொண்டே வந்தது. உலகம்மாள் அதை அமர்த்தவில்லை. எங்களுக்கு நடுவே வந்து நின்றாள். அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தோம். ஒருவர் மணி என்ன என்று கேட்டார், இன்னொருவர் சொன்னார். மழை வருமா என்பது பற்றிச் சிறிது பேசினோம். குழந்தையின் முகம் எல்லாருடைய தோளுக்கும் அருகே இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை, திரும்புகிறவர் சாட்சியாகிவிடுவார் என்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

பஸ் வந்தது. அந்தத் தடத்துக்குப் புதிதாக வந்திருந்த கண்டக்டர், படியில் ஒரு காலை வைத்தபடி அவளுக்குக் கை கொடுத்தார்.

"ஏன் பாட்டி, பிள்ளை இந்தக் கத்துக் கத்துது. இத்தன பேரு நிக்காவ, ஒருத்தராவது வாங்கித் தோளுல போடக் கூடாதா? காது கேக்காதா இவியளுக்கு?"

உலகம்மாள் ஏறியவள் நின்றாள். திரும்பி, படியிலிருந்தபடியே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒமக்குக் கேக்குதா ஐயா?"

"என்ன பாட்டி கேள்வி இது? காது கிழியுது."

"ஒம்ம பேரு என்ன?"

அவர் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயரைக் கேட்டாள், அதையும் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டாள். மேல்முறையீட்டுக்கான நாள்கள் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தன; முடியாதிருந்தாலும், பிறந்த அன்றைய அழுகையைக் கேட்டவர் சொல்வதற்குத்தான் சட்டத்தில் மதிப்பு உண்டு. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் அந்த மூன்றையும், பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்று, எழுத்துக்கூட்டிப் படிப்பவளைப்போல ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குழந்தை அழுகையை நிறுத்தி அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தது.

"ஏறி உக்காருங்க பாட்டி, நாழியாகுது" என்றார் அவர், பொத்தானை விடுவித்துக்கொள்ளாமலே.

எங்களில் ஒருவர் முன்னால் போய், பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் புறப்பட்டது.